மொட்டைக்கல் பள்ளிவாசலின் வயது

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பேசச் சொல்லி என்னைக் கேட்டார்கள். நான் வர மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்களை மேடையில் ஏற்றினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தூங்கியவள்தான் நானும். அதனால் எழுதித் தருகிறேன். தூக்கம் வந்தால் தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குங்கள், எனக்கு வருத்தமில்லை.

பழைய இடங்களைக் காப்பாற்றுகிற திணைக்களத்தில் சேர்ந்திருக்கிறீர்கள். மண்ணின் நிறம் பார்ப்பது, அளவுநாடா பிடிப்பது, ஓட்டுத் துண்டைக் கழுவுவது எல்லாம் கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். வராத ஒன்று உண்டு. ஊரே சுற்றி நின்று, "இது பழசா புதுசா, இப்பவே சொல்லுங்க" என்று கேட்கும்போது என்ன பதில் சொல்வது? எந்தப் புத்தகமும் இதைச் சொல்லித் தராது. நான் அதை மொட்டைக்கல்லில் கற்றேன்.

லிந்துலையிலிருந்து மேலே ஏறுகிற பஸ், இனிமேல் போக வழியில்லை என்று திரும்புகிற இடம்தான் மொட்டைக்கல். ஒரு கடைவீதி, அதற்கு மேலே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், லயங்களுக்கு மேலே மாரியம்மன் கோயில், அதற்கும் மேலே மூடுபனி. வீதி வளைகிற இடத்தில் பள்ளிவாசல். தகரக் கூரை, சீமெந்துச் சுவர், ஒலிபெருக்கி கட்டிய குட்டி மினாரா. பார்த்தால் என்னைவிட இளையது என்றுதான் சொல்வீர்கள். ஆனால் வாசலில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கல்தூண் நின்றது. அதில் ஏதோ கோடுகள் செதுக்கியிருந்தன. எழுத்தா, பூவேலையா, மழை அரித்த தடமா என்று சொல்ல முடியாதபடி தேய்ந்திருந்தது.

அந்தத் தூணைப் பற்றி விசாரிக்கத்தான் முதல் தடவை போனேன். பள்ளிவாசல் சபைத் தலைவர் ஜமால்தீன் ஹாஜியார் கடைவீதியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். என்னை உட்காரவைத்து ஊரின் வரலாற்றைச் சொன்னார். பாவாதமலைக்கு, அதாவது சிவனொளிபாத மலைக்கு, நடந்துபோன ஒரு பெரியார் இந்த மலையில் தங்கித் தொழுதாராம். அவர் நட்ட கல்தான் அந்தத் தூணாம். எத்தனை காலம் இருக்கும் என்று கேட்டேன். முந்நூறு வருஷம் என்றார். தேத்தண்ணி வந்தபோது அது ஐந்நூறு ஆகியிருந்தது. கடைக்கு வந்த இன்னொருவர் எழுநூறுக்குக் குறையாது என்றார். நான் மட்டும் இரண்டாவது தேத்தண்ணி கேட்டிருந்தால் ஆதம் நபி காலத்துக்கே போயிருப்போம்.

பக்கத்து மேசையில் கோயில் தலைவர் முருகையா இருந்தார். பள்ளிவாசலின் வரலாற்றில் தன் ஆட்களுக்குப் பங்கில்லாமல் போய்விடுமோ என்று அவருக்குக் கவலை.

"அந்தப் பெரியவரு வந்தப்ப அவருக்குத் தேத்தண்ணி குடுத்ததே எங்க ஆளுங்கதாங்க மிஸ்."

"அந்தக் காலத்தில் இங்கே தேயிலையே இல்லையே அண்ணே."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப கோப்பியா இருக்கும்."

கோப்பியும் அப்போது இல்லை, இந்த லயங்களும் இல்லை, உங்கள் முன்னோர் கப்பலே ஏறவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். ஒரு ஊர் தன் வரலாற்றைச் சொல்லும்போது நடுவில் புகுந்து திருத்துகிற பழக்கம் உங்களில் யாருக்காவது இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். திருத்தம் சொன்ன நிமிஷத்திலிருந்து உங்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

விஷயம் என்னவென்றால், வீதியை அகலமாக்க வந்திருந்தார்கள். வரைபடத்தில் சிவப்புக் கோடு பள்ளிவாசலின் முன்மண்டபத்தையும் அதை ஒட்டி மௌத்தானவர்களை அடக்குகிற சின்ன மையவாடியையும் வெட்டிக்கொண்டு போனது. பள்ளிவாசல் உண்மையிலேயே பழையதென்றால் கோடு விலகும். இல்லையென்றால் இயந்திரம் வரும். நஷ்டஈடு தருகிறோம், மேலே வேறிடத்தில் புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள் என்று வீதிப் பொறியியலாளர் மரியாதையாகத்தான் சொல்லியிருந்தார். இளைஞர்கள் சிலருக்கு அது பிடித்தும் இருந்தது. ஹாஜியாருக்குத்தான் பிடிக்கவில்லை.

ஏன் என்று அன்று புறப்படும்போது தெரிந்தது. என்னை மையவாடிச் சுவர்வரை கூட்டிப்போனார். சுவர் முழங்கால் உயரந்தான். உள்ளே புல் மூடிய சில மேடுகள். ஓரத்தில் மிகச் சிறிய ஒன்று.

"என்ட மக. ஆறு வயசுல காய்ச்சல் வந்து போயிட்டா. இடி இடிச்சா என்ட சாரத்தப் புடிச்சிக்கிட்டு உடமாட்டா, மிஸ். பள்ளிய அவங்க எங்க வேணும்டாலும் கட்டட்டும். அல்லா எல்லா எடத்துலயும் இருக்கான். இவள எங்க தூக்கிட்டுப் போக? நான் மௌத்தானா இவ பக்கத்துல படுக்கணும். வேற ஒண்ணும் கேக்கல்ல."

அளவுநாடாவை எடுத்துத் தேவையே இல்லாமல் சுவரை அளந்தேன். நம் தொழிலில் முகத்தை மறைக்க அளவுநாடா மிகவும் உதவும்.

தூணைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கொழும்பிலிருந்து எங்கள் மேலதிகாரி வருவதாக முடிவானது. கல்வேலையில் அவர் பெரிய நிபுணர். ஒரு தடவை தடவிப் பார்த்தே காலம் சொல்வார் என்று பெயர். நான் மொட்டைக்கல்லுக்குச் சொல்லியனுப்பினேன்: பெரியவர் ஒருவர் வருகிறார், எல்லாரும் தயாராக இருங்கள். இவ்வளவுதான் சொன்னேன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நானே இப்படிச் சொல்லலாமா?

பெரியவர் வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன செய்வார்கள் என்று உங்களில் மலையகத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய துரையோ கம்பனி ஆளோ வருகிறார் என்றால் முதல்நாளே சுண்ணாம்பு வாளி வெளியே வரும். லயத்துச் சுவர், தண்ணீர் ஓடுகிற கான் ஓரம், பாதையோரக் கற்கள், மரங்களின் அடிப்பாகம் என்று அசையாமல் நிற்கிற எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிப்பார்கள். வெயிலில் படுத்திருந்த மாட்டின் வாலுக்கும் ஒருமுறை அடித்ததாக எங்கள் தோட்டத்தில் ஒரு கதை உண்டு. இது தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் ஊறிய மரியாதை. வருகிறவருக்குக் கண் கூச வேண்டும்.

மேலதிகாரியின் ஜீப்பில் நானும் போய் இறங்கினேன். கடைவீதிக் கற்களெல்லாம் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. வளைவைத் தாண்டியதும் தூண் தெரிந்தது. பச்சை. கடைச் சுவருக்கு அடிக்கிற, பளபளக்கிற எனாமல் பச்சை. இன்னும் காயவில்லை.

மேலதிகாரி அதைக் கவனிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நேராக நடந்துபோய், வழக்கம்போலக் கண்ணை மூடி, உள்ளங்கையைத் தூணில் வைத்தார். கையை எடுக்கும்போது ஒட்டி விட்ட சத்தம் எனக்குக் கேட்டது. உள்ளங்கையை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு சிங்களத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இது எந்தக் காலத்துப் பச்சை?"

"இன்று காலை, சேர்."

நான் முருகையாவைப் பார்த்தேன். புதுச் சட்டை போட்டு, கையில் மாலையோடு நின்றார்.

"என்ன அண்ணே இது?"

"பெரியவரு வாராருன்னு சொன்னீங்களே மிஸ். அழுக்குக் கல்லக் காட்டுனா நம்ம ஊருக்குத்தான அசிங்கம்? பள்ளி ஆளுங்க வயசானவங்க, பாவம்னு நாங்களே வந்து வெள்ள அடிச்சோம். அம்மன் திருவிழாவுக்கு வாங்குன காவி மிச்சம் இருந்திச்சு. சும்மா அழகுக்கு ரெண்டு பட்ட போட்டோம். பச்ச நாங்க இல்லீங்க."

ஹாஜியார் தலையைக் குனிந்துகொண்டார். "காலையில தொழுதுட்டு வெளிய வந்து பாத்தா காவிப் பட்ட, மிஸ். முருகையாட நல்ல மனசு எனக்கு வெளங்குது. ஆனா வாற மனுசன் இது கோயில்னு நெனச்சி அர்ச்சனத் தட்டு கேட்டுட்டா? அதான் அவசரமா பச்சயப் பூசினோம்."

முருகையா மாலையை மேலதிகாரியின் கழுத்தில் போட்டார். அவர் ஒரு கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அதை ஏற்றுக்கொண்டார். ஹாஜியாரின் கடையிலிருந்து ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வந்தது. மேலதிகாரி அதைத் தூக்கிக்கொண்டு ஜீப்பின் பின்னால் போய்க் கையைத் தேய்க்க ஆரம்பித்தார். அவர் கோபத்தை நான் அறிவேன். அவர் பேசாமல் போனால் நல்லதில்லை.

இந்த நேரம் பார்த்து வீதிப் பொறியியலாளர் வந்தார். வளைவுக்குக் கீழே இயந்திரத்தின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவரும் பாவம், மழைக்காலத்துக்கு முன் வேலையை முடிக்க வேண்டிய மனிதர். சிங்களத்தில் என்னிடம் கேட்டார். "மிஸ், எனக்கு ஒரு சொல் போதும். பழையதா, இல்லையா?"

ஊர் முழுக்க என் வாயைப் பார்த்தது. பின்னாலிருந்து யாரோ "ஆயிரம் வருஷம்னு சொல்லுங்க மிஸ்" என்று உதவி செய்தார். ஹாஜியாரின் கண் மையவாடிப் பக்கம் இருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். பழையது என்று சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. ஒரு சொல்லில் அந்தச் சின்ன மேடு தப்பிவிடும். ஆனால் பழையது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் என் பேச்சு விழும், அதோடு மேடும் போகும். இல்லை என்று சொல்லவும் ஆதாரம் இல்லை. மேலதிகாரி ஒருநாள் முன்பு வந்திருந்தால் கல்லைப் பார்த்திருக்கலாம். இப்போது கல்லே கண்ணுக்குத் தெரியவில்லை. சுண்ணாம்பு, காவி, எனாமல் என்று மூன்று சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊர் தன் ஒரே சாட்சியை நாசமாக்கிவிட்டது என்று நான் நினைத்தேன். உண்மையில் இவர்கள் சாட்சியின் வாயை நன்றாகக் கட்டிவைத்திருக்கிறார்கள்.

"தெரியாது" என்றேன்.

"தெரியாது என்றால்?"

"தெரியாது என்றால் தெரியாது. தெரியும்வரைக்கும் இந்த இடத்தில் மண்வெட்டி இறங்கக்கூடாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது."

பொறியியலாளர் ஜீப்பைப் பார்த்தார். அங்கிருந்து மண்ணெண்ணெய் வாசத்தோடு குரல் வந்தது. "அவர் சொல்வது சரி. கல்லுக்குக் காயமில்லாமல் இந்தப் பெயின்டை எடுக்க ஆய்வுகூடத்திலிருந்து ஆள் வரவேண்டும். அதுவரை யாரும் தொடவேண்டாம்." சற்று நிறுத்தி, "முக்கியமாகத் தூரிகையோடு" என்றார்.

எஞ்சின் நின்றது. அன்று முருகையா என்னிடம் கேட்ட கேள்வி இன்றும் காதில் இருக்கிறது. "மிஸ், இன்னொரு கோட்டு அடிச்சா இன்னும் பாதுகாப்பா இருக்குமா?"

ஆய்வுகூடத்து ஆள் வரவில்லை. நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை. வீதி எதிர்ப்பக்கம் விலகித் தேயிலைச் சரிவைக் கொஞ்சம் தின்றுகொண்டு போனது. பள்ளிவாசல் தப்பியது. ஆனால் காப்பாற்றப்பட்ட இடத்தில் வாழ்வது என்ன பாடு என்று அதற்குப் பிறகுதான் ஊருக்குப் புரிந்தது. மூன்று மொழிகளில் எச்சரிக்கைப் பலகை நட்டோம். தோண்டக்கூடாது, இடிக்கக்கூடாது, மாற்றக்கூடாது, மீறினால் தண்டனை. அடுத்த மழைக்கே தகரக் கூரை ஒழுகியது. தகரம் மாற்ற அனுமதி வேண்டும். அனுமதி கேட்டால், தகரம் எந்தக் காலத்தது என்று கொழும்பு திருப்பிக் கேட்டது.

ஹாஜியார் பஸ் ஏறி நுவரெலியாவில் என் அலுவலகத்துக்கு வந்தார். "மிஸ், ஒழுகுற எடத்துல வாளி வைக்க ஏலுமா? இல்லாட்டி அதுவும் மாத்துறதுல சேருமா?"

"வாளி வையுங்கள் ஹாஜியார்."

"தண்ணியக் கொட்டுறதுக்கு?"

சிரித்துக்கொண்டே கேட்டார். எழும்பிப் போகும்போது சிரிப்பில்லாமல் இன்னொன்றும் கேட்டார். "மையவாடியும் பலகைக்குள்ளதானே வருது. என்ட நேரம் வந்தா அவ பக்கத்துல தோண்ட விடுவாங்களா?" எழுதிக் கேட்கிறேன் என்றேன். எழுதினேன். பதில் வரவில்லை. மறுபடி எழுதினேன். அந்த மேட்டைக் காப்பாற்ற நான் போட்ட பூட்டு, அதற்காகவே உயிரை வைத்திருந்த மனிதரை வெளியே நிறுத்திவிட்டது. அதை நினைத்து எனக்குச் சோறு இறங்காத நாட்கள் உண்டு.

ஒரு காலையில் முருகையா தொலைபேசியில் அழுதார். "மிஸ், ஹாஜியாரு போயிட்டாருங்க. பொலிஸ்ல இருந்து வந்து பலகையக் காட்டுறாங்க. தோண்டுனா கேஸாம். டவுன் மையவாடிக்குக் கொண்டுபோகச் சொல்றாங்க. பள்ளி ஆளுங்களுக்கு என்ன செய்யிறதுன்னே தெரியல. பின்னேரத் தொழுகைக்கு முன்ன அடக்கணுமாம். நீங்க வாங்க."

கொழும்புக்கு எடுத்தேன். மேலதிகாரி கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். ஜீப்பில் ஏறினேன். வழி முழுக்க ஒரே யோசனைதான். அங்கே யாரும் தோண்டக்கூடாது. யாரும் என்றால் யார்? எங்களைத் தவிர எல்லாரும். நாங்கள் தோண்டலாம். ஒரு இடத்தின் வயது தெரியாவிட்டால் சோதனைக் குழி போட்டுப் பார்க்கக் கள உத்தியோகத்தருக்கு அதிகாரம் உண்டு. அந்த இடத்தின் வயது தெரியாது என்று உலகத்துக்கே அறிவித்தவள் நான்தான்.

போய் இறங்கி, பொலிஸ்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டினேன். "இன்று இங்கே திணைக்களத்தின் சோதனைக் குழி" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வெள்ளைத் துணி போர்த்தி ஹாஜியாரைக் கிடத்தியிருந்த சந்தக்கைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

பெண்கள் மையவாடிக்குள் போவது அங்கே வழக்கமில்லை. பள்ளியில் தொழுகை நடத்துகிற லெப்பை தயங்கித் தயங்கி அதைச் சொன்னார். நான் சுவருக்கு வெளியே நின்றேன். அளவுநாடாவின் ஒரு நுனி என் கையில், மறுநுனி லெப்பையின் கையில். அந்தச் சின்ன மேட்டின் பக்கத்தில் நாலு மூலையிலும் ஆணி அடித்து நூல் கட்டச் சொன்னேன். குழி வெட்டப் பள்ளி ஆட்களோடு லயத்து ஆட்களும் இறங்கினார்கள். நான் சுவருக்கு இப்பால் நின்று மண்ணின் நிறத்தைக் குறித்துக்கொண்டேன்.

மார்பளவு ஆழத்தில் மண்வெட்டி எதிலோ பட்டது. ஒரு பீங்கான் துண்டு. லெப்பை அதைத் துடைத்து சுவருக்கு மேலால் நீட்டினார்.

"பழசா மிஸ்?"

வெட்டு நின்றது. அத்தனை வருஷமாக முந்நூறு, எழுநூறு, ஆயிரம் என்று சொல்லிவந்த ஊர், தன் பள்ளிவாசல் பழையதாக இருந்துவிடக்கூடாதே என்று அன்று முதல்முறையாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"அது எங்க வீட்டுத் தட்டுங்க!" என்றார் முருகையா. "போன தீபாவளிக்கு ஒடஞ்சது."

"எங்கடதும் அப்படி ஒண்டு ஒடஞ்சிச்சு" என்றார் லெப்பை.

வெட்டிக்கொண்டிருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் அதே தட்டு உடைந்திருந்தது. போன தீபாவளித் தட்டு மார்பளவு ஆழத்துக்கு எப்படிப் போனது என்று நான் கேட்கவில்லை. துண்டைத் திருப்பிப் பார்த்தேன். மெல்லிய நீலக் கோடு ஒன்று. உண்மையைச் சொல்கிறேன், அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. பையில் போட்டு, காலம் தெரியாது என்று எழுதி ஒட்டினேன். சோதனைக் குழியில் ஏதாவது கிடைத்தால் நிறுத்தக்கூடாது, அடிமண் வரை போகவேண்டும். இதை உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள்.

"வெட்டுங்க" என்றேன்.

அவரை இறக்கினார்கள். தொழுகைக்கு நேரம் இருந்தது. மண் தள்ளும்போது முருகையாவும் மூன்று பிடி போட்டார். பிறகு சுவரோரம் வந்து என் பக்கத்தில் நின்று சத்தமாக அழுதார்.

அறிக்கை எழுதினேன். குழியின் நீளம், அகலம், ஆழம், மண்ணடுக்கு, கிடைத்தது பீங்கான் துண்டு ஒன்று, குழி மூடப்பட்டது. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஒரு வாரத்துக்குள் மேலதிகாரி கொழும்பிலிருந்து அழைத்தார். அறிக்கையைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சோதனைக் குழி சதுரமாகத்தானே போடுவோம்? இது ஏன் இவ்வளவு ஒடுக்கம்?"

"இடம் அவ்வளவுதான், சேர்."

"வடக்கிலிருந்து சற்றுச் சாய்ந்திருக்கிறதே?"

"அங்கே எல்லா மேடும் அப்படித்தான் சாய்ந்திருக்கும், சேர்."

"நீளமும் கொஞ்சம் அதிகம்."

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆள் நல்ல உயரம், சேர்."

தாள் புரட்டுகிற சத்தம் நின்றது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"சரியாக மூடினீர்களா?"

"ஊரே சேர்ந்து மூடினோம், சேர்."

"அப்படியானால் அந்தக் குழியில் ஆய்வு முடிந்தது என்று நான் எழுதிவிடுகிறேன். இனி ஒருவரும் அதைத் திறக்க முடியாது" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.